தேதியிட்ட படம் சாட்சியாகட்டும்

பினாங்கு ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் ஷி சுங் பள்ளிக் கட்டடத்தின் முன் நின்று ஒரு படமாவது எடுக்காத புகைப்படக்காரர் இந்தத் தீவில் அரிது. 1880களில் சியா தெக் சூன் என்ற சீனச் செல்வந்தர் கடலைப் பார்த்துக் கட்டிய ஐந்து மாடி மாளிகை அது. பின்னாளில் மேல்மாடிகள் போயின. பள்ளிக்கூடமானது. 1990களில் பள்ளியும் வெளியேறிய பிறகு மழையும் மரங்களும் உள்ளே குடிவந்தன. அந்தச் சிதைவை ஆண்டுக்காண்டு படமெடுத்தவர்களை வேலையற்றவர்கள் என்று சிலர் பழிக்கிறார்கள். அந்தப் பழியை நாம் ஏற்கவில்லை. இன்னும் நிறைய எடுங்கள் என்கிறோம்.

ஒரு வீடு ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் ஓர் ஓடு நகரும். அந்த இடைவெளியில் இறங்கும் நீர் உத்தரத்தை உளுக்கச் செய்யும். கூரை சரிந்ததும் சுண்ணாம்புக் காரை ஊறி உதிரும். பறவை போட்ட ஆல விதை செங்கல் இடுக்கில் முளைத்து வேரால் சுவரைப் பிளக்கும். அன்றாடம் அந்த வழியே போகிறவர் கண்ணுக்கு இது பிடிபடாது. ஒரே இடத்தில் நின்று, ஆண்டுதோறும், தேதியோடு எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால் எந்த மழைக்காலத்தில் சிறு செலவில் வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

படம் மட்டும் வீட்டைக் காக்காது என்பதும் உண்மை. லண்டனில் ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரத்துக்கு ஆபத்து வந்தபோது, அழியும் கட்டடங்களைப் படமெடுக்கவே 1875இல் ஒரு சங்கம் கூடியது. சத்திரம் இடிந்தது, படங்கள் மிஞ்சின. இங்கே பைக்கெட் அவென்யூவின் 20ஆம் எண் மாளிகை நகராண்மைக் கழகத்தின் பாரம்பரியப் பட்டியலில் இருந்தும் 2010 ஜூனில் தரைமட்டமானது. ஆகவே படம் இரங்கல் செய்தியாக முடியாமல், உயிர் இருக்கும்போதே கொடுக்கும் புகாராக வேண்டும்.

பினாங்கின் ஜெலுத்தோங் மக்களுக்கு இது தொலைவான விஷயமல்ல. 2008இல் யுனெஸ்கோ அங்கீகரித்த ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரம், காப்பு வளையத்தையும் சேர்த்து ஏறத்தாழ 259 ஹெக்டர். ஜெலுத்தோங் அதற்கு வெளியே நிற்கிறது. நம் பழைய கடைவீடுகளும் அஞ்சடி நடைபாதைத் தூண்களும் பலகை வீடுகளும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை, கேமராவும் அவ்வளவாக இந்தப் பக்கம் வருவதில்லை. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு 2000 தொடக்கத்தில் நீங்கியபோது பினாங்கு முழுவதும் வாடகை ஏறி, பழைய குடித்தனங்கள் கிளம்பின. பூட்டிய வீட்டில் ஒழுகும் கூரையை யார் பார்ப்பது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அபாயக் கட்டடத்தைச் சீராக்கவோ இடிக்கவோ உத்தரவிட மாநகர் மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அபாயம் என்று சொல்லும் கட்டம் வரும்போது இடிப்பதுதான் எளிய வழியாகிவிடுகிறது. காத்திருந்தால் காலி மனை கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற உரிமையாளருக்கு அதைவிட வசதி வேறில்லை. வாரிசுகள் பலராகி, பழுது பார்க்கப் பணமின்றித் தவிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுனில் திங்க் சிட்டி நிறுவனம் கடைவீட்டுச் சீரமைப்புக்கு மானியம் தந்தது. அத்தகைய உதவி பாரம்பரிய எல்லையைத் தாண்டி ஜெலுத்தோங்குக்கும் வரவேண்டும்.

மீட்க முடியும் என்பதற்கு ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைச் சஃபோக் மாளிகையே போதும். பாழாகிக் கிடந்த அது சீரமைக்கப்பட்டு 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது. மர வீடு நிலைக்காது என்பவர்கள் திரைக் கலைஞர் பி. ரம்லி பிறந்த, 1926இல் எழுந்த வீட்டைப் போய்ப் பார்க்கட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் பராமரிப்பில் இன்றும் நிற்கிறது.

மாநகர் மன்றம் ஜெலுத்தோங்கின் போருக்கு முந்திய வீடு ஒவ்வொன்றையும் ஆண்டுக்கொரு முறை, அதே இடத்திலிருந்து படமெடுத்துப் பொதுமக்கள் பார்க்க வைக்கவேண்டும். வேலி தாண்டாமல் சாலையில் நின்று குடிமக்கள் எடுத்தனுப்பும் தேதியிட்ட படத்தைப் புகாராகப் பதிந்து ஆய்வாளரை அனுப்பவேண்டும். வசதியிருந்தும் வீட்டை வேண்டுமென்றே விழவிட்டார் என்று அந்தப் பட வரிசை காட்டினால், அந்த மனையில் பழைய வீட்டைவிட உயரமான எதற்கும் அனுமதி தரக்கூடாது.