நுரைநீர்ப் பயண நூல்கள்: கரையில் நடந்த பக்கங்களே முதன்மையானவை

பாறைகளில் மோதி வெண்ணுரை பொங்கப் பாயும் மலையாறுகளில் கயாக் செலுத்துவது இந்திய மாணவர்களுக்கு இன்று அயலான விளையாட்டு அன்று. ரிஷிகேசத்துக் கங்கையும், கோழிக்கோட்டு மலையடிவாரத்துச் சாலிப்புழையும் இருவழிஞ்ஞிப்புழையும் அவர்களிடையே பழகிய பெயர்கள். இவ்விளையாட்டில் ஆர்வமுள்ளோர் படிக்க வேண்டிய நூல்கள் என வழங்கும் பட்டியல்களோ பெரும்பாலும் சாதனைகளின் வரிசையாகவே அமைகின்றன. எந்த ஆற்றை யார் முதலில் கடந்தார், யார் உயிர் தப்பினார் என்பதே அவற்றின் அளவுகோல். இது மாற வேண்டும். ஒரு நுரைநீர்ப் பயண நூலை, படகு நீரில் பாய்ந்த பக்கங்களைக் கொண்டு மதிப்பிடலாகாது; படகைத் தோளில் சுமந்து கரைவழியே நடந்த பக்கங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இதற்குக் காரணம் எளியது. புதியவர்கள் இன்று ஆற்றை முதலில் காண்பது இரண்டு நிமிடக் காணொளிகளில். கரையில் நின்று நீரோட்டத்தை ஒரு மணி நேரம் ஆராய்ந்ததும், மூவர் வேண்டாமென்று விலகியதும் காணொளித் தொகுப்பில் வெட்டப்பட்டுவிடுகின்றன. எஞ்சுவது வெற்றி மட்டுமே. நுரைநீரின் கடுமையை 1 முதல் 6 வரை தரப்படுத்தும் பன்னாட்டு முறையும் தனித்து நின்று காக்காது. அதே பாறையிடுக்கு, நீர் ஓரடி உயர்ந்தால் வேறொரு தரத்துக்கு மாறிவிடும். விலகும் முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லும் இடம் நூலில்தான் இருக்கிறது.

முதலில் படிக்கத்தக்கது ஜான் வெஸ்லி பவல், கொலராடோ ஆற்றுப் பயணத்தைப் பற்றி 1875இல் வெளியிட்ட நூல். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த பவல், 1869 மே 24 அன்று பத்துப் பேரும் நான்கு படகுகளும் கொண்ட குழுவாகப் புறப்பட்டார். ஆபத்தான இடங்களில் படகுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இயலாதபோது சுமந்து நடந்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று, ஒரு கொடிய நுரைநீர்ப் பகுதியின் முன் மூவர் பயணத்தைத் தொடர மறுத்துக் கரையேறினர். எஞ்சிய அறுவரும் இரண்டே நாளில் பாதுகாப்பான நீரை அடைந்தனர். கரையேறிய மூவரோ கொல்லப்பட்டனர். விலகியவர் பிழைப்பார், துணிந்தவர் மாய்வார் என்ற எளிய நீதிக்கு இந்நிகழ்ச்சி இடம் தரவில்லை. அம்மூவரையும் கோழைகள் என்று பவல் இகழாததே நூலின் பெருமை.

ஆயினும் ஆய்வு மாணவர் இந்நூலை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். 1871–72இல் நிகழ்ந்த இரண்டாம் பயணத்தின் செய்திகள் சிலவற்றையும் பவல் 1869இன் கதைக்குள்ளேயே கலந்துவிட்டார். குழுவினரான பிராட்லி, சம்னர் ஆகியோரின் நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது, ஒரு மூலத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளை 58 குடும்பங்களாக வகைப்படுத்தி 1891இல் வெளியிட்டவரும் இதே பவல்தான்.

அடுத்து, திபெத்தின் சாங்போ. 1998இல் அங்கு சென்ற அமெரிக்கக் குழுவைப் பற்றி இரண்டு நூல்கள் 2000இல் வெளிவந்தன. ஒன்று குழுத் தலைவர் விக்லிஃப் வாக்கர் எழுதியது. மற்றது இதழாளர் டாட் பால்ஃப் எழுதிய 'தி லாஸ்ட் ரிவர்'. எதிர்பார்த்ததைவிட ஆறு பெருகியிருந்த அந்த ஆண்டில், தேர்ந்த வீரரான டக் கார்டன் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டார், ஆற்றுப்பயணம் கைவிடப்பட்டது. ஒரே மரணத்தை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் விளக்கும் இவ்விரு நூல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீர்மட்டம் என்ற ஒற்றைக் காரணி மனிதத் திட்டத்தை எவ்வாறு மீறுகிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

பீட்டர் ஹெல்லரின் 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' 2004இல் வந்தது. ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையிலான குழு, நீர் வற்றியிருக்கும் குளிர்காலத்தைத் தேர்ந்து 2002இல் அதே ஆற்றில் இறங்கியது. பேரருவிகள் உள்ள பகுதியைத் தவிர்க்கப் பனி மூடிய கணவாயைக் கடந்து நடந்தது. ஹெல்லர் கரைவழியே நடந்த குழுவோடு சென்றவர். சுமைதூக்கிகளின் உழைப்பும் கூலிச் சிக்கலும் நூலில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

கங்கைக்கு எட்மண்ட் ஹிலாரியின் 'ஃப்ரம் தி ஓஷன் டு தி ஸ்கை' உண்டு. அவர் ஏறியது கயாக் அன்று, ஜெட் படகு. எனினும், 1977இல் கடல்முகத்திலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிய அப்பயணத்தில் படகுகள் நந்தப்பிரயாகை அருகே அருவியொன்றின் முன் நின்றுவிட்டன. அதன்பின் நடைதான்.

இப்பட்டியலில் கட்டாயம் சேர வேண்டியவர் நூலே எழுதாத ஒருவர். சிக்கிமைச் சேர்ந்த கின்டுப் என்ற தையற்காரர், சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்று அறிவதற்காக 1880இல் அனுப்பப்பட்டார். உடன் சென்ற லாமா அவரை அடிமையாக விற்றார். தப்பிய கின்டுப், அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை நாளொன்றுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். செய்திக் கடிதம் உரியவரைச் சேராததால், கீழே எவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. 1884இல் திரும்பிய அவருக்கு எழுத்தறிவு இல்லை. வாய்மொழியாகவே அனைத்தையும் சொன்னார். 1913இல் அவ்வழி நடந்த பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அவர் கூற்று பெரிதும் உண்மை எனக் கண்டனர். பெய்லியின் 'நோ பாஸ்போர்ட் டு திபெத்' நூலில் அவரைச் சந்திக்கலாம். சாங்போவைப் பற்றிய பிற்கால நூல்கள் அனைத்துக்கும் முன்னோடி, கரையில் நடந்த இந்த மனிதர்.

துடுப்பு வீசும் திறனை நூல் கற்பிக்காது என்பார்கள். உண்மைதான், அதற்குப் பயிற்றுநர் வேண்டும். ஆனால் எப்போது துடுப்பை வைத்துவிட வேண்டும் என்பதற்குப் பலரது அனுபவம் வேண்டும், அது நூல்வழியே கிடைக்கும். கல்லூரிச் சாகசக் குழுக்கள் ஒவ்வொரு பயணத்திலும் நீர்மட்டத்தையும், படகைச் சுமந்த இடத்தையும், அதற்கான காரணத்தையும் தம் தாய்மொழியில் பதிவுசெய்யத் தொடங்கலாம். சுழி, மடு, கயம், துறை எனத் தமிழில் அதற்கான சொற்கள் உள்ளன. கரையோர மக்கள் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்வதும், சொன்னவரின் பெயரும் அப்பதிவில் இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஆற்றில் இறங்கும் மாணவருக்கு, சாதனைப் பட்டியலைவிட அந்தக் குறிப்பேடே பயன்படும்.