ரூட்டரில் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா?

லிங்க்சிஸ் 2002 கடைசியில் விற்கத் தொடங்கிய டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் லினக்ஸில் ஓடியது. லினக்ஸின் திறந்தமூல உரிமத்தின்படி, 2003இல் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. ஆர்வலர்கள் விடுவார்களா? ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மாற்று ஃபர்ம்வேர்கள், அதாவது ரூட்டரை இயக்கும் மென்பொருள்கள், பிறந்தன. மலிவான ரூட்டர் விலையுயர்ந்த கருவிகளின் வேலையையும் செய்தது. ஆனால் பழுதென்று போனால், “மென்பொருளை மாற்றிவிட்டீர்கள், வாரண்டி கிடையாது” என்று கைவிரிப்பது கம்பெனிகளின் வழக்கமானது.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம் இதற்கு ஓரளவு கடிவாளம் போடுகிறது. எங்கள் உதிரிபாகம், எங்கள் சர்வீஸ் என்றால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை வைக்க முடியாது. இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்காக 2018இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. ரூட்டரும் தயாரிக்கும் ஏசஸ் அவற்றில் ஒன்று.

பவர் அடாப்டர் புகைந்ததற்கு ஃபர்ம்வேரைக் காரணம் காட்டுவது வெறும் சால்ஜாப்பு. மாற்றத்தால்தான் பழுது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையதாகவே இருக்க வேண்டும்.

அதற்காக, அலைபரப்பு சக்தியைக் கண்டபடி ஏற்றி ரேடியோ சிப்பைக் கருக்கியவர் புது ரூட்டர் கேட்பதும் நியாயமில்லை.

அந்தச் சக்திக்குச் சட்ட வரம்பும் உண்டு. அனுமதித்த அளவை மீறிய சக்தியில் ரூட்டரை இயக்க வழிவிட்டதற்காக, 2016இல் டிபி-லிங்க் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 2,00,000 டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், மாற்று ஃபர்ம்வேருக்கு இடம் தரும் வழிகளை ஆராயவும் அது ஒப்புக்கொண்டது. அலைவரிசை விதியை மீறாமலே பயனருக்குச் சுதந்திரம் தரலாம் என்று ஆணையமே கருதியிருக்கிறது.