பகல் மின்சாரமும் மாலை மின்சாரமும்

மின் உற்பத்தியால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, நாம் பயன்படுத்தும் மின்சாரத்தின் அளவு, எரிபொருள், மின்நிலையத்தின் செயல்திறன், மின் கடத்தலில் நேரும் இழப்பு ஆகியவை தீர்மானிக்கின்றன. இவற்றோடு நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது நமது கருத்து.

2025ஆம் ஆண்டின் நடுவில், இந்தியாவின் மின் நிறுவுதிறனில் சரிபாதி சூரிய ஒளி, காற்று, நீர், அணு போன்றவற்றைச் சார்ந்தது என்னும் நிலையை எட்டினோம். இது பெருமைக்குரியதே. ஆயினும் உற்பத்தியாகும் ஒவ்வொரு 10 யூனிட்டிலும் ஏறத்தாழ 7 யூனிட் இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. வங்கி வழக்கில் கூறின், அனுமதிக்கப்பட்ட கடன் வரம்பு வேறு. எடுத்துப் பயன்படுத்திய தொகை வேறு.

சூரியன் மறைந்ததும் சூரிய ஒளித் தகடுகள் ஓய்ந்துவிடுகின்றன. அவ்வேளையில்தான் வீடுகளில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் இயங்கத் தொடங்குகின்றன. அத்தேவையைப் பெரிதும் நிலக்கரியே நிறைவு செய்கிறது. நிலக்கரியால் ஒரு யூனிட் உற்பத்தி செய்கையில் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

பிஎம் சூர்ய கர் திட்டத்தின்கீழ் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு ரூ.78,000 மத்திய அரசு மானியம் உண்டு. அதனைப் பெறும் வாடிக்கையாளர்கள் நீரேற்றும் மோட்டார், சலவை இயந்திரம், மின்வாகன சார்ஜிங் ஆகியவற்றையும் இயன்றவரை பகலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம். பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமித்துத் தரும் பேட்டரிகளுக்கும், கூரைத் தகடுகளுக்கு நிகரான மானியமும் எளிய கடனும் கிடைக்கச் செய்வது அரசு, வங்கிகள் ஆகிய இரண்டின் பொறுப்பாகும்.