சுங்கச்சாவடி தாண்டுமா நம் சரக்கு?

வாங்க ஆள் இருக்கிறது. விற்கச் சரக்கு இருக்கிறது. விலை பேசி, காசு கைமாற ஒரு நிமிடம் போதும். இணையம் அந்த வசதியைக் கொடுத்துவிட்டது. ஆனால், விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே ஒரு சுங்கச்சாவடி நிற்கிறது! அந்தச் சாவடியை எண்ணிப் பார்க்காமல், "உலகமே நம் சந்தை" என்று முழங்கினோமே, அந்த முழக்கத்துக்கு 2025-ஆம் ஆண்டு ஒரு பாடம் புகட்டியது.

நடந்தது என்ன? 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களைச் சுங்கவரி இல்லாமல் உள்ளே விடும் சலுகை அமெரிக்காவில் இருந்தது. 200 டாலராக இருந்த வரம்பை 2016-இல் 800 ஆக உயர்த்தியவர்களும் அவர்கள்தான். நம் ஊர்ச் சேலையும், பித்தளை விளக்கும், கொலு பொம்மையும் அந்த வழியாகத்தான் அங்கே வீடு வீடாகப் போயின. 2025 ஜூலை 30 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் சலுகை ரத்து! அதற்கு இரண்டு நாள் முன்பே, இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரி நூற்றுக்கு 50 ஆக ஏறியிருந்தது.

வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லை. ஆகவே, ஆகஸ்ட் 25 அன்று இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. நாம் மட்டுமல்ல, ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல் துறைகளும் கையை விரித்தன. அமெரிக்காவுக்குச் செல்லும் அஞ்சல் நூற்றுக்கு 80-க்கு மேல் சரிந்தது என்று உலக அஞ்சல் ஒன்றியமே அறிவித்தது.

அக்டோபர் 15 அன்றுதான் நம் அஞ்சல் மீண்டும் திறந்தது. வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. இடையில் போன நாட்கள் 51. தோழர்களே, அவை எந்த நாட்கள்? செப்டம்பர் 22-இல் நவராத்திரி தொடங்கிற்று. அக்டோபர் 20 தீபாவளி. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் மண் பிசைந்து பொம்மை செய்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடும் நாட்கள் அல்லவா அவை? தனியார் கூரியர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் 500 ரூபாய்ப் பொம்மைக்கு அதைவிடப் பன்மடங்கு கூலி கொடுக்க யாரால் முடியும்?

சுங்கம் நமக்குப் புதிதா? இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. முசிறித் துறைமுகச் சரக்கைப் பற்றி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தாள் இன்றும் வியன்னா நகரில் இருக்கிறது. அந்தச் சரக்குக்கு ரோமப் பேரரசு வாங்கிய வரி நான்கில் ஒரு பங்கு! அன்றைய வணிகன் அதை அறிந்தே கப்பலேற்றினான். வரி அவனை வீழ்த்தவில்லை. வரியை அறியாமல் சரக்கனுப்புவதுதான் வணிகனை வீழ்த்தும்.

ஆகவே, வீட்டிலிருந்தபடி கடல் கடந்து விற்க நினைக்கும் நெசவாளியும், சுயஉதவிக் குழுப் பெண்ணும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நாடு பெரியது?" என்பதல்ல. "எந்த நாட்டு வாசலில், நான் சொன்ன விலைக்கு மேல் ஒரு காசும் கேட்கப்படாமல் என் சரக்கு போய்ச் சேரும்?" என்பதே.

சிங்கப்பூரைப் பாருங்கள். மது, புகையிலை, வண்டி, எண்ணெய் நீங்கலாக மற்றவற்றுக்குச் சுங்கவரி கிடையாது. சரக்கு சேவை வரி நூற்றுக்கு 9. ஆனால் விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருளுக்கு, பதிவு செய்யும் அளவுக்கு வளராத சிறு வணிகர் அந்த வரியும் கட்ட வேண்டியதில்லை. மலேசியா 2024 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு நூற்றுக்கு 10 விற்பனை வரி வைத்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பவருக்கே அந்தப் பதிவு. ஆஸ்திரேலியாவில் 1,000 டாலர் வரையிலான பொருளுக்கு நூற்றுக்கு 10. ஆனால் அங்கே 75,000 டாலர் விற்ற பிறகே பதிவு. சிறியவன் நுழையச் சிறு வாசல் வைத்த நாடுகள் இவை!

பிரிட்டன் அப்படியல்ல. 135 பவுனுக்கு உட்பட்ட பொருளை நேரே அனுப்புபவர், முதல் விற்பனையிலிருந்தே அங்கே பதிவு செய்து நூற்றுக்கு 20 வரி வாங்கிக் கட்ட வேண்டும் என்பது 2021-இல் வந்த முறை. பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால் அந்தச் சந்தையே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். எனவே, சிறு வணிகருக்குப் பிரிட்டனுக்கு வழி சந்தையின் வழிதான், தனிக்கடை வழியல்ல.

ஐரோப்பிய ஒன்றியமோ இன்னும் இறுக்கம். 22 யூரோ வரை இருந்த வரி விலக்கு 2021 ஜூலையில் போயிற்று. 2024 டிசம்பர் 13 முதல், பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள்ளேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சலில் வரும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ சுங்கம் என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். 2026 ஜூலை 1 அதற்குக் குறித்த நாள். துணிப்பை விற்பவருக்கு இது தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வரி ஒன்றுதானா தடை? பொருளையும் பார்க்க வேண்டும். விதை கோத்த மாலையும், வைக்கோல் திணித்த பெட்டியும் ஆஸ்திரேலியத் தடுப்புக் காவலைத் தாண்டாது. சுவாமிமலைச் சிற்பி நேற்று வார்த்த சிலைக்கும், அது பழஞ்சிலை அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று கேட்கப்படும். நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. பெட்டியின் அளவும் காசுதான். நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதை எடையாகக் கணக்கிடும் கூரியர்களுக்குப் பஞ்சு பொம்மையும் இரும்புக் குண்டும் ஒன்று!

"அமெரிக்காவில்தானே பணம்? அதை விட்டுவிடச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். விடச் சொல்லவில்லை. காஞ்சிப் பட்டுப்போல எடை குறைந்து விலை உயர்ந்த சரக்கை, வரியை இங்கேயே கட்டி, அதையும் விலையில் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். மலிவுப் பொருளை மட்டும் அனுப்பாதீர்கள். வாசலில் அஞ்சல்காரர் வரி கேட்டால் வாங்கியவர் மறுப்பார். பார்சல் திரும்பினால் கூலி போயிற்று. திரும்பாவிட்டால் பொருளும் போயிற்று. எப்படியானாலும் பெயர் போயிற்று! ஒரே நாட்டை நம்பியவர் 51 நாள் பட்ட பாட்டை மறக்க வேண்டாம். முதலில் இரண்டு நாடு; அவை நிலைத்த பின் மூன்றாவது. விழுக்காடுகள் ஏறும், இறங்கும். ஆகையால் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

ஆனால், இத்தனையையும் தறியில் அமர்ந்திருப்பவரே படித்தறிய வேண்டுமா? நாம் கேட்கிறோம்: ஜூலை 30-இல் ஆணை வந்தது, அஞ்சல் நின்றது ஆகஸ்ட் 25-இல். இடைப்பட்ட 26 நாட்களில் சிறு வணிகரை எச்சரிக்க மத்திய அரசு செய்தது போதுமா? நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சல் ஏற்றுமதி மையங்கள் திறந்திருக்கிறார்களே! அவை பார்சலை வாங்கி முத்திரை குத்த மட்டுமா? எந்த நாட்டில் என்ன வரி, எந்தப் பொருளுக்குத் தடை, யார் கட்ட வேண்டும் என்ற அட்டவணையைத் தமிழில் எழுதி, மாதம் தவறாமல் ஒட்ட என்ன தடை? கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களும் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புகளும், தனித்தனியாய் நிற்கும் நூறு பேருக்காக ஒரே பதிவாகச் செய்து பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நுழைய மாநில அரசு ஏன் வழிகாட்டக் கூடாது?

பெரிய ஆலைக்கு வழக்கறிஞர் உண்டு, கணக்கர் உண்டு, தலைநகரில் பேச ஆளும் உண்டு. பொம்மை செய்பவருக்கு அஞ்சலகச் சன்னல் ஒன்றுதான் உண்டு. அந்தச் சன்னல் வாய் திறந்து பேசட்டும்! அடுத்த நவராத்திரிக்கு முன் பேசட்டும்!