குடும்பக் கணக்கு: புள்ளிகள் ரயில் ஏறுமா?



"டீச்சர், பெட்ரோல் கார்டுலயும் பேங்கு கார்டுலயும் ஆயிரக்கணக்குல பாயிண்டு கெடக்குதுன்னு மகன் சொல்றான். அத வச்சி பிள்ளைங்கள ரயில்ல தூரமா எங்கியாவது கூட்டிட்டுப் போவ முடியுமா?"

பள்ளி விடுமுறை நெருங்கும்போது தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. முடியும் என்பதே பதில். ஆனால் கணக்குத் தெரிந்து போக வேண்டும். கணக்குத் தெரியாமல் போனால் பயணம் இரண்டு நாளில் முடிந்துவிடும், கடன் இரண்டு வருடம் நிற்கும்.

முதலில், பயணம் ஏன் வேண்டும் என்று பார்ப்போம். நம்மில் பல குடும்பங்கள் கல்யாணம், கருமாதி, தைப்பூசம் என்றால்தான் தோட்டத்து எல்லையைத் தாண்டுகின்றன. கிளந்தான் ஆறு, பகாங் ஆறு, தித்திவங்சா மலைத்தொடர் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், வகுப்பில் ஒரு கை, இரண்டு கைதான் உயரும். தாத்தா பாட்டியோ இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் பாதி நாட்டைப் பார்க்காதவர்கள். ஆகவே இதை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, இந்தப் புள்ளி என்பது என்ன? நாம் செலவழிக்கும் பணத்திலிருந்து கடைக்காரரோ வங்கியோ திருப்பித் தரும் சிறு தள்ளுபடிதான் அது. காசாகத் தந்தால் நாம் எண்ணிப் பார்த்துவிடுவோம். புள்ளியாகத் தந்தால் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். அதனால் உங்கள் அட்டையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று பார்த்ததும் மயங்கிவிடாமல், ஒரு வெள்ளிப் பொருளை வாங்க எத்தனை புள்ளி வேண்டும் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு நூறு புள்ளிக்கு ஒரு வெள்ளி என்றால், ஐயாயிரம் புள்ளியின் மதிப்பு ஐம்பது வெள்ளி. இருநூறு புள்ளிக்கு ஒரு வெள்ளி என்றால் இருபத்தைந்து வெள்ளிதான். இந்த ஒரு வகுத்தல் கணக்கை வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளையே போட்டுக் கொடுக்கும்.

வெளிநாடுகளில் சில இடங்களில் ரயில்வேயே புள்ளி தருகிறது. அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயிலில் டிக்கெட்டுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு புள்ளி உண்டு. அப்படிச் சேர்த்தவர்கள், சிக்காகோவிலிருந்து ராக்கி மலைகளைக் கடந்து கலிபோர்னியா வரை இரண்டு இரவு ஓடும் ரயிலில் படுக்கை அறையே எடுத்துப் போகிறார்கள். இந்தியாவில் ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் வங்கிகளோடு சேர்ந்து கடன் அட்டை வெளியிட்டிருக்கிறது. அதில் சேரும் புள்ளியை ரயில் டிக்கெட்டாகவே மாற்றலாம். நம் வீடுகளில் சேரும் புள்ளிகளோ பெரும்பாலும் பெட்ரோல் நிலையத்திலும், பேரங்காடியிலும், வங்கி அட்டையிலும் சிதறிக் கிடக்கின்றன.

அவற்றை எப்படி ரயில் ஏற்றுவது? வழி சுலபம். புள்ளியைக் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வீட்டுக்கு எப்படியும் வாங்க வேண்டிய அரிசி, எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் ஆகியவற்றைப் புள்ளி கொடுத்து வாங்குங்கள். அதற்காக எடுத்து வைத்திருந்த ரொக்கத்தை அன்றைக்கே ஒரு மைலோ டின்னில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள். அன்றைக்கே போட வேண்டும் என்பது முக்கியம். நாளைக்கு என்றால் அது மீனாகவும் கோழியாகவும் மாறிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே டின்னைத் தொடங்கினால், சிறுதுளி பெருவெள்ளம் என்பது உண்மையாகும்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். புள்ளி சேர்ப்பதற்காகவே பொருள் வாங்குவது வேண்டாம். கடன் அட்டை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். நம் நாட்டில் கடன் அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை உண்டு. ஆயிரம் வெள்ளி பாக்கி வைத்தால், 18 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய பதினைந்து வெள்ளி. அந்த ஆயிரம் வெள்ளிச் செலவுக்கு, வெள்ளிக்கு ஒரு புள்ளி, நூறு புள்ளிக்கு ஒரு வெள்ளி என்ற கணக்கில் கிடைத்தது பத்து வெள்ளி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். குறைந்த அளவாக ஐந்து விழுக்காடு கட்டினால் போதும் என்று வங்கி சொல்வது நம்மைக் கடனிலிருந்து விடுவிப்பதற்காக அல்ல. மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்ட முடிந்தவருக்கே அந்தப் புள்ளி லாபம். முடியாதவர்கள் புள்ளியை மறந்து பாக்கியைத் தீர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. "உங்கள் புள்ளிகள் இன்றோடு காலாவதியாகின்றன, இங்கே அழுத்துங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வெட்கப்பட்டுக் கொண்டிராமல் உடனே வங்கியையோ, 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணையோ கூப்பிடுங்கள். புள்ளிகளுக்குக் காலக்கெடு இருப்பது உண்மைதான். அதை அட்டை கொடுத்த இடத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது ரயிலுக்கு வருவோம். தூரமும் அழகும் சேர்ந்து, செலவும் கட்டுக்குள் அடங்க வேண்டும் என்றால், கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரைப் பாதையைத்தான் சொல்வேன். காட்டு ரயில் என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய 526 கிலோமீட்டர். கெமாஸிலிருந்து பகாவ் வரையிலான முதல் பகுதி 1910-ல் திறக்கப்பட்டது. காட்டையும் ஆற்றையும் குடைந்து கடந்து, பாதை முழுவதும் இணைந்தது 1931-ல். மலாயா ரயில் பாதைகளில் கப்பி கொட்டியவர்களிலும், தண்டவாளம் சுமந்தவர்களிலும் பெரும்பகுதி நம் தமிழ் மக்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பேட்டையாக ஆனதற்கும் ரயில்வே வேலைதான் முக்கியக் காரணம்.

ஜப்பானியர் காலத்தில் இந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன. அந்தச் சயாம் மரண ரயிலுக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்தும் ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பல ஆயிரம் பேர் திரும்பவில்லை. போர் முடிந்த பிறகு இங்கே தண்டவாளம் மீண்டும் போடப்பட்டது. வண்டியில் போகும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

கிள்ளானில் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வந்துவிடலாம். அங்கிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் கெமாஸ். அங்கிருந்து கிழக்குக்கரைப் பாதையில் மின்கம்பி இல்லை. ஒற்றைத் தடத்தில் டீசல் வண்டிதான். பகல் வண்டிகள் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை, நடுவில் மாறி ஏற வேண்டியிருக்கும். ஆகவே முதல் இரவு கோலா லிப்பிஸில் தங்கும்படி திட்டமிடுங்கள். 1955 வரை பகாங்கின் தலைநகராக இருந்த ஊர் அது. பழைய கட்டடங்களைக் காலாற நடந்து பார்க்கலாம்.

மறுநாள் காலை அங்கிருந்து கிளம்பினால் குவா மூசாங்கில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக எழுந்து நிற்கும். டாபோங், கோலா கிராய் என்று கிளந்தானுக்குள் இறங்கும்போது ஆறு கூடவே வரும். கெமுபுவில் இருந்த ரயில் பாலத்தை 2014 டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிறகு புதுப் பாலம் கட்டினார்கள். கோத்தா பாருவுக்குப் போக வாக்காஃப் பாரு நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த வட்டாரத்தில் நாற்பது மீட்டர் நீளப் படுத்த புத்தர் சிலை ஒன்று உண்டு. கடைசி நிலையம் தும்பாட்.

வெள்ளத்தைச் சொன்னேன் அல்லவா? ஆண்டிறுதி விடுமுறையில் கிழக்குக்கரையில் பருவமழை கொட்டும். அந்தச் சமயத்தில் இந்தப் பயணம் வேண்டாம். ஆண்டின் நடுவில் வரும் விடுமுறைதான் ஏற்றது.

அத்தனை நாள் விடுப்புக் கிடைக்காதவர்கள் வடக்கே பட்டர்வொர்த் வரை இ.டி.எஸ். ரயிலில் போகலாம். கோலகங்சார் அருகே பேராக் ஆற்றைக் கடக்கும்போது, 1900-ல் கட்டி முடித்த பழைய விக்டோரியா பாலம் பக்கத்தில் தெரியும். தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் நடுவே வண்டி போகும். இருபக்கமும் தண்ணீர்தான். பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள்.

டிக்கெட் கணக்கைப் பார்ப்போம். கே.டி.எம். ரயிலில் அறுபது வயது நிறைந்த மலேசியக் குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம். சிறு பிள்ளைகளுக்கும் பாதிதான். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு சிறு பிள்ளைகள் என்று ஆறு பேர் போனால், கட்டணம் நான்கு பேருக்குத்தான் ஆகிறது. தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுப் போவதற்குக் காசு இனிக் காரணமாக இருக்க முடியாது. பாட்டியிடம் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது என்றால், சலுகை உண்டா என்று முகப்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; நிலையத்துக்கு வந்து அவர் கூச்சப்பட்டு நிற்க வேண்டாம்.

போகும் டிக்கெட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் ஒன்றாகவே எடுத்துவிடுங்கள். தீபாவளி, ஹரி ராயா சமயத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், தேதி குறிக்குமுன் கே.டி.எம். செயலியிலோ நிலையத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். புளிச்சாதமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். தாத்தாவின் மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

பிள்ளைகளிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கடந்து போகும் நிலையங்களின் பெயரை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். புவியியல் பாடத்துக்கு அதைவிட நல்ல வீட்டுப்பாடத்தை என்னாலும் கொடுக்க முடியாது. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் மேசைமேல் பரப்பி, எதில் எத்தனை புள்ளி, என்ன மதிப்பு, எப்போது காலாவதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். டின்னை நாளைக்கே கழுவிக் காய வைத்துவிடலாம்.