18 நிமிஷமும் 42 விநாடியும்

"படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பேசிக்கிட்டே இருக்கானுவளே!"

2024 செப்டம்பர் 27-ல 'மெய்யழகன்' ரிலீஸானப்போ நம்ம ஜனங்க சொன்ன விமர்சனத்தோட சாரம் இதுதான். இழுவை, கதை நகரலை, கத்திரி போடுங்கன்னு ஒரே சத்தம். விளைவு? 177 நிமிஷப் படத்துலேருந்து 18 நிமிஷம் 42 விநாடியை சில நாள்லயே வெட்டிட்டாங்க. வெட்டினது என்னவோ இயக்குநர் பிரேம்குமார் தரப்புதான். வெட்ட வச்சது நம்ம வாய்.

எனக்கு இதுல கோவம் இன்னும் ஆறலை மக்களே.

கதை தெரியாதவங்களுக்கு: சொத்துத் தகராறுல 1996-ல தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போயிட்ட அருள்மொழி (அரவிந்த்சாமி), 22 வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றார். அங்க ஒருத்தன் (கார்த்தி) "அத்தான் அத்தான்"னு ஒட்டிக்கிறான். அவன் யாருன்னே இவருக்கு ஞாபகம் இல்ல. கேக்கவும் கூச்சம். ராத்திரி முழுக்கப் பேச்சு. அவ்வளவுதான் படம். இதுல சாவு இல்ல, ஆனா இது துக்கம்தான். வீடு போன துக்கம்.

எங்க திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேக்கப் போறதுன்னு ஒண்ணு உண்டு. எங்கப்பா தவறினப்போ, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துலேருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் வந்தார். யாருன்னு எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. "அண்ணாச்சி ஒரு காலத்துல எனக்கு முந்நூறு ரூவா குடுத்தாவ"ன்னு ஆரம்பிச்சவர் ரெண்டு மணி நேரம் பேசினார். அப்பாவைப் பத்தி இருபது நிமிஷம் இருக்கும். மிச்சமெல்லாம் வாழைத்தார் வெலை, வாய்க்கால் தண்ணி, 1992-ல தாமிரபரணி வெள்ளம்.

நான் மனசுக்குள்ள 'எப்ப எந்திரிப்பாரு'ன்னுதான் நெனச்சேன். ஆனா வெள்ளம்னு சொன்னதும், அதுவரைக்கும் வாயே திறக்காம உக்காந்திருந்த அம்மா, "அன்னைக்கு இவுக கழுத்தளவு தண்ணில வந்தாவ"ன்னு பேச ஆரம்பிச்சா. அழுதா. அப்புறம் சாப்பிட்டா.

இப்ப சொல்லுங்க, அந்த ரெண்டு மணி நேரத்துல எந்த 18 நிமிஷத்தை வெட்டுவீங்க? வாழைத்தாரையா? வெள்ளத்தையா?

கார்த்தி சோழர் கதை, ஜல்லிக்கட்டுன்னு பேசுறது கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆளு அப்படித்தான்யா! அளந்து பேசத் தெரிஞ்சவனா இருந்தா அருளோட கூச்சத்தைக் கரைச்சிருக்கவே மாட்டான்.

இன்னொரு கேள்வி. இதே பிரேம்குமாரோட '96' (2018) படத்துலயும் ரெண்டு பேரு ராத்திரி பூரா பேசிக்கிட்டுதானே இருந்தாங்க? அதை மட்டும் எப்படிக் கொண்டாடினீங்க? அது காதல். காதலுக்கு ராத்திரி பூரா டைம் குடுப்போம். ஒரு நடுத்தர வயசு ஆம்பளை தன் வீட்டை நெனச்சு அழுதா மட்டும் வாட்சைப் பாப்போம். என்ன நியாயம் இது?

அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு படம் வந்தா, முதல் நாளே 'இழுவை'ன்னு கூவாதீங்க சாமிகளா. புடிக்கலேன்னா எந்திரிச்சுப் போங்க, தப்பே இல்ல. உக்காந்திருக்கவன் கேக்க வேண்டியதை வெட்டச் சொல்லாதீங்க.

டிஸ்கி: அந்தப் பெரியவர் பேரை நான் கடைசி வரைக்கும் கேக்கலை. கேட்டிருக்கணும்.