முன்னே பேச்சு, பின்னே வாசகர்



பள்ளிகள் திறந்துவிட்டன. அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டிய புது நோட்டுகள் பைக்குள் ஏறிவிட்டன. அவற்றில் ஒன்று கட்டுரை நோட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கட்டுரை நோட்டை ஆண்டுக் கடைசியில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பசு, பொங்கல் திருநாள், நான் விரும்பும் தலைவர், நூலகம். எல்லாவற்றுக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலும் அதே பசு, அதே நான்கு கால்கள், அதே முடிவுரை. கரும்பலகையில் இருந்ததை வகுப்பே பார்த்து எழுதியிருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கும்; பிழையும் அதிகம் இருக்காது. எழுதிய பிள்ளையை மட்டும் அதில் எங்கே தேடினாலும் காணக் கிடைக்காது.

இத்தனைக்கும் அதே பிள்ளை, இடைவேளை மணி அடித்ததும், வீட்டில் பசு கன்று போட்ட கதையை மூச்சுவிடாமல் சொல்லும். ராத்திரி அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது, கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது, சீம்பால் காய்ச்சியது, தம்பி எல்லாவற்றையும் தின்றுவிட்டது எல்லாம் வரும். சொல்ல விஷயம் இல்லாத பிள்ளை எந்த வகுப்பிலும் கிடையாது. அந்த விஷயம் நோட்டுக்கு வந்து சேரும் வழியில்தான் தடங்கல்.

இந்த இதழைத் தொடக்கப்பள்ளி வகுப்பில் படைப்பெழுத்து என்ற பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். என் பங்குக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆசிரியருக்கு அதிக வேலை இல்லை. எழுதுவதற்கு முன்னும் எழுதி முடித்த பின்னும்தான் வேலை இருக்கிறது. முன்னே வேண்டியது பேச்சு. பின்னே வேண்டியது, எழுதியதைப் படிக்க ஓர் ஆள்.

முதலில் பேச்சு. கல்வியாளர் கிஜுபாய் பதேகாவின் 'பகற்கனவு' படித்தவர்களுக்கு லட்சுமிராம் என்ற ஆசிரியரை நினைவிருக்கும். நான்காம் வகுப்பை ஏற்றுக்கொள்ளும் அவருக்கு முதலில் கைகொடுப்பது கதைதான். கதை கேட்ட பிள்ளை கதை சொல்லும். கதை சொன்ன பிள்ளை அதை எழுதவும் துணியும். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் எதுவும் நடக்காது.

எழுத்தே இன்னும் கைவராத ஒன்றாம் வகுப்பில் என்ன செய்வது? நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963-ல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் தம் வழியைச் சொல்கிறார். ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, இன்றைக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்பார். குழந்தை கேட்ட சொல்லை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியவில்லை என்றால், அது அந்தக் குழந்தையின் சொல் இல்லை என்று தள்ளிவிடுவார். பேய், முத்தம் போன்ற சொற்கள் ஒரே பார்வையில் மனதில் நின்றன. பாடநூலின் சாதுவான சொற்கள் நிற்கவில்லை. பயமும் பாசமும் இருக்கும் சொல்தான் ஒட்டும் என்று கண்டுகொண்டார். நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஜே.சி.பி., பாம்பு, பரோட்டா, கரண்ட்டு கட் என்று அட்டைகள் குவியும். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு கதைக்குத் தொடக்கம் இருக்கும்.

தமிழ் வகுப்புக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே குறுக்கிடும். பிள்ளை பேசுவது ஒரு தமிழ், நாம் எழுதச் சொல்வது இன்னொரு தமிழ். "எங்க ஆயா சந்தைக்குப் போயிட்டு வந்துச்சு" என்று ஆரம்பிக்கும் பிள்ளையிடம், "ஆயா இல்லை, பாட்டி, வந்துச்சு இல்லை, வந்தார்" என்று முதல் வரியிலேயே குறுக்கே போனால் இரண்டாவது வரி வராது. முதல் படியில் பேச்சு அப்படியே தாளில் இறங்கட்டும். எழுத்துத் தமிழ் இரண்டாம் படியில் வரும். கதையில் ஆள் பேசுகிற இடத்தில் கடைசிவரை பேச்சுத் தமிழே இருந்துவிட்டுப் போகட்டும். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரப் பேச்சை வைத்தே கதை எழுதினார். அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். நாலாம் வகுப்புப் பிள்ளையின் 'வந்துச்சு'வைப் பார்த்து நாம் பதற வேண்டியதில்லை. வகுப்புக்குப் பொதுவாக 'எங்க ஊர்ச் சொல்' என்று ஒரு நோட்டுப் போடுங்கள். பாடநூலில் இல்லாத, வீட்டில் புழங்குகிற சொல்லை வாரம் ஒன்றாகப் பிள்ளைகள் கொண்டுவந்து பொருளோடு எழுதட்டும். ஆண்டு முடிவில் ஊரே அந்த நோட்டில் இருக்கும்.

பேச்சு சூடு பிடித்ததும், "சரி, மழையைப் பற்றி எழுதுங்கள்" என்றால் பிள்ளைகள் மறுபடியும் விழிப்பார்கள். மழை மிகப் பெரிது; எந்தப் பக்கம் பிடிப்பது? பெரிய தலைப்பைவிடச் சின்ன விதி உதவும். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968-ல் நியூயார்க்கின் பி.எஸ். 61 என்ற தொடக்கப்பள்ளியில் கவிதை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பிள்ளைக்கு ஒரு வரி போதும் என்றார். அந்த வரி 'எனக்கு ஆசை' என்று தொடங்க வேண்டும். அதற்குள் ஒரு நிறம், ஒரு சித்திரக்கதை நாயகர், ஓர் ஊரோ நாடோ வர வேண்டும். எதுகை, இயைபு பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரிகளை வாங்கிக் கலைத்து அடுக்கி, ஒரே கவிதையாகப் படித்துக் காட்டினார். வகுப்பு குதித்தது. முன்பு நான் இப்படி, இப்போது நான் இப்படி என்று தொடரும் வரிகள் அவர் கொடுத்த இன்னொரு விதி. இந்த அனுபவங்களின் தொகுப்பு 1970-ல் நூலாக வந்தது.

நம் ஊருக்கு விதியை நாமே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஓர் ஆசை என்று தொடங்கு. ஒரு நிறம், ஒரு பலகாரம், பஸ் போகும் ஓர் ஊர், மூன்றும் வர வேண்டும். பச்சை நிற ஜிலேபியைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வரை பறந்து போகும் பிள்ளை ஒன்றாவது கிடைக்கும். விதி இருப்பதால் 'நன்றாக எழுத வேண்டுமே' என்ற பயம் ஒதுங்கிவிடுகிறது. பிள்ளை விளையாட்டில் இறங்கிவிடுகிறது.

இத்தாலியின் ஜான்னி ரோடாரி இன்னும் குறும்புக்காரர். இளமையில் பள்ளி ஆசிரியர், பிறகு பத்திரிகையாளர். 1970-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1973-ல் அவர் எழுதிய 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலில் ஒரு விளையாட்டு வருகிறது. ஒரு பிள்ளை பலகையின் முன்புறம் ஒரு சொல் எழுத வேண்டும். இன்னொரு பிள்ளை அதைப் பார்க்காமல் பின்புறம் ஒரு சொல் எழுத வேண்டும். ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள் மோதும்போதுதான் கதை பிறக்கும் என்பது அவர் கணக்கு. நாய், அலமாரி என்ற சோடியை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

இந்த விளையாட்டு தமிழுக்கென்றே செய்தது போல் பொருந்தும். வேற்றுமை உருபு ஒன்றை ஒட்டினால் போதும், உறவு மாறிவிடும். தவளை, இஸ்திரிப்பெட்டி என்று இரண்டு சொற்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். தவளையின் இஸ்திரிப்பெட்டி. இஸ்திரிப்பெட்டிக்குள் தவளை. தவளைக்கு இஸ்திரிப்பெட்டி வாங்கித் தந்தது யார்? தவளையோடு இஸ்திரிப்பெட்டி ஏன் சண்டை போட்டது? ஒவ்வோர் உருபும் ஒரு புதுக் கதை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்தபோது புரியாத இலக்கணம் இங்கே சிரித்துக்கொண்டே உள்ளே போகும்.

மூன்றாவதாக, நம்முடையதே ஒன்று: விடுகதை. கேட்டு விடை சொல்வது பழைய ஆட்டம். தாமே கட்டச் சொல்லுங்கள். வகுப்பறைக்குள் கண்ணில் படும் பொருள் ஒன்றை எடுத்து, அதன் பெயரைச் சொல்லாமல் அது செய்வதை மட்டும் சொல்ல வேண்டும். 'வயிறு முட்டப் புத்தகம் தின்பேன், ஒரு வரியும் படிக்க மாட்டேன்' என்றால் புத்தகப்பை. இரண்டே வரி. ஆனால் அந்த இரண்டு வரிக்காகப் பிள்ளை பையைப் புதிதாய்ப் பார்த்திருக்கிறது.

வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இல்லையே என்பது நியாயமான கேள்வி. 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து ஒரு குழுவாக்குங்கள். அரும்பு கதையைச் சொல்லிப் படம் வரையட்டும். மொட்டு படத்துக்குப் பெயர்கள் எழுதட்டும். மலர் வாக்கியம் கட்டட்டும். எழுதத் தெரியாத பிள்ளைதான் பல நேரம் குழுவின் பெரிய கதைசொல்லி. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் இருக்கும் சின்னப் பள்ளிகளில் இது இன்னும் எளிது.

ஆசிரியரும் எழுத வேண்டும். டால்ஸ்டாய் தம் யாஸ்னயா பொல்யானா பண்ணையில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கவே, தாமே எழுத ஆரம்பித்தார். இரண்டு சிறுவர்கள் எட்டிப் பார்த்து, அது அப்படி இல்லை, இப்படி என்று திருத்தத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் கதை அவர்களுடையதானது. எழுதக் கற்க வேண்டியது குடியானவர் பிள்ளைகள் நம்மிடமிருந்தா, நாம் அவர்களிடமிருந்தா என்றே தலைப்பிட்டு 1862-ல் ஒரு கட்டுரை எழுதினார். நீங்களும் கரும்பலகையில் நாலு வரி எழுதி, பிள்ளைகளிடம் திருத்தக் கொடுங்கள். அடித்துத் திருத்துவது தண்டனை இல்லை என்று அன்றைக்கே புரிந்துகொள்வார்கள்.

இனி, எழுதிய பின். நோட்டு ஆசிரியர் மேசைக்குப் போய், சிவப்பு மையோடு திரும்பி வந்தால், பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு திருத்துநர். வாசகர் இன்னும் கிடைக்கவில்லை. இதைத் தீர்க்க வழி கண்டவர் பிரான்சின் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேச முடியாது. 1920 முதல் தென்பிரான்சின் மலைக்கிராமமான பார்-சூர்-லூப்பில் ஆசிரியர். பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப் போவார். திரும்பி வந்ததும் பார்த்ததைப் பேசுவார்கள், எழுதுவார்கள். வகுப்புக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். எழுதியவற்றில் எதை அச்சிடுவது என்று வகுப்பே கூடித் தேர்ந்தெடுத்தது. எழுத்துக் கோத்து, மை தடவி அச்சிட்டதும் பிள்ளைகளே. அந்தத் தாள்கள் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து மறுதபால் வந்தது. மலைப்பிள்ளைக்குக் கடலும் கடற்பிள்ளைக்கு மலையும் கடிதத்தில் வந்தன.

நமக்கு அச்சுப்பொறி தேவையில்லை. கையெழுத்து இதழ் நடத்திப் பழகிய மொழி இது. ஒரு சார்ட் தாள், பசை, சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஓர் இடம் போதும். மாதம் ஒருமுறை சுவரிதழ். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இதழ் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-ல் தொடங்கிய 'ஊஞ்சல்' இதழுக்கும் அனுப்பலாம். படிக்க ஆள் உண்டு என்று தெரிந்ததும், 'மழை'யா 'மளை'யா என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். திருத்தத்துக்குச் சரியான நேரம் அதுதான். அப்போதும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். இந்த மாதம் ல, ள, ழ என்றால் அடுத்த மாதம் ர, ற. அதற்கும் முன்பு, எழுதியதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்புறம் அந்தக் கன்றுக்கு என்ன பேர் வச்சீங்க?" மதிப்பெண் வேண்டாம். கேள்விதான் பிள்ளைக்கு அடுத்த பத்தி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் பரீட்சையில் வருமா?" என்று கேட்காதீர்கள். தன் மனதில் இருப்பதைத் தானே எழுதிப் பழகிய பிள்ளை பரீட்சைக் கட்டுரையையும் எழுதிவிடும். எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாளராகப் போவதில்லை. ஆனால் எல்லோரும் என்றைக்காவது ஒரு மனு, ஒரு கடிதம், ஒரு புகார் எழுத வேண்டிவரும். அன்றைக்கு இன்னொருவரைத் தேடிப்போகாமல் எழுத முடிவது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் வகுப்பில் இவற்றில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். சரிவராமல் போனதையும், ஏன் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறருக்கு அதுவும் உதவும். பிள்ளைகள் எழுதியதை அப்படியே அனுப்புங்கள். பிழைகளைக் களைந்து அனுப்ப வேண்டாம், புதிதாகப் படியெடுக்கவும் வேண்டாம். பெயரும் வகுப்பும் இருந்தால் போதும். பசுவைப் பற்றியும் எழுதலாம், தடையில்லை. அந்தப் பசு யார் வீட்டுப் பசு என்று மட்டும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்